பத்து நாள் தீராத பேட்டரி

பத்து நாளாகியும் அந்தப் பேட்டரி தீரவில்லை. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் பட்டைக்குள் இருந்துகொண்டு, இதயத்துடிப்பைக் கவனித்து, கைப்பேசி வழியாகப் புதுக்கோட்டையில் இருக்கும் மருத்துவருக்கு அனுப்புகிற கருவியை அதுதான் ஓட்ட வேண்டும். அந்தக் கருவியை வடிவமைத்தவர்களில் நானும் ஒருத்தி. மற்றவர்களிடம் ஆறு நாளில் தீர்ந்துபோன பேட்டரி, மீமிசலில் மீன் ஏலம் விடும் அண்ணனிடம் மட்டும் பத்து நாள் தாக்குப்பிடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் பேட்டரி எத்தனை நாள் ஓடியது என்று காட்டும் வரைபடத்தை அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

சின்னப் பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் கருவியைத் தூங்க வைக்க வேண்டும். துடிப்பு மெதுவானால் ஆள் ஓய்வில் இருக்கிறார், நீயும் தூங்கு, நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால் போதும் என்று அதற்குச் சொல்லிவைத்தவள் நான். அண்ணனுக்கு அவ்வப்போது தலைசுற்றல். காரணம் பிடிபடாததால்தான் மருத்துவர் பட்டையை ஒட்டியிருந்தார். பதிவில் கோளாறு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டே இருந்தது. தொண்டை கிழியக் கத்துகிற மனிதரிடம் என் கருவிக்கு எப்படி இவ்வளவு தூக்கம்? நேரில் பார்த்துவிடுவோம் என்று ஒரு காலையில் பஸ் ஏறினேன்.

ஏலம் நடந்துகொண்டிருந்தது. நண்டுக் கூடையைக் காலால் முன்னே தள்ளி, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்ற அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். கூட்டமும் காத்திருந்தது. பொறுக்கமாட்டாமல் ஒரு வியாபாரி விலையை ஏற்றினார். அண்ணன் தலையை உதறிக்கொண்டு அந்த விலையிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்.

"அவரு நிறுத்துனா வெலை ஏறும். பொல்லாத ஆளுங்க," என்றார் பக்கத்தில் நின்ற மீன்கார அக்கா.

நானும் சிரித்தேன். அடுத்த கூடைக்கும் அதேபோல் நின்றார். இம்முறை அவர் கை பிடிமானத்துக்கு எதையோ தேடித் துழாவியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இதயம் மெதுவாகும்போதெல்லாம், ஓய்வெடுக்கிறார் என்று நினைத்து என் கருவி தூங்கப் போயிருக்கிறது.

அண்ணனை ஓரமாக உட்கார வைத்துக் கேட்டேன்.

"கண்ணு இருட்டிட்டு வரும் மேடம். கொஞ்சத்துல தெளிஞ்சிரும். ஏலத்துல வர்றதை டாக்டர்கிட்டச் சொல்லலை. சொன்னா வேற ஆளைப் போட்ருவாங்கல்ல."

அங்கிருந்தே மருத்துவரிடம் பேசினேன். கருவியின் தூக்கத்தை முழுவதும் நிறுத்தினேன். புதுப் பேட்டரி இரண்டே நாளில் தீர்ந்தது. அதற்குள் அவர் இதயம் சில நொடிகள் துடிக்காமலே நின்றது பதிவாகியிருந்தது. அந்த வாரமே பேஸ்மேக்கர் வைத்தார்கள். மருத்துவர் என்னைப் பாராட்டியபோது எனக்கு அழுகைதான் வந்தது. நான் பெருமையடித்துக்கொண்டிருந்த பத்து நாளில் எந்த நாளிலும் அவர் விழுந்து இறந்துபோயிருக்கலாம். இப்போதெல்லாம் யாரிடமாவது பேட்டரி கூடுதல் நாள் தாங்கினால், உடனே கூப்பிட்டு அவர் குரலைக் கேட்டுவிடுகிறேன்.

போன மாதம் மீமிசல் போயிருந்தேன். அண்ணன்தான் இன்னமும் ஏலம் விடுகிறார். எப்படி இருக்கிறீர்கள் என்றதற்கு அலுத்துக்கொண்டார்.

"ஏவாரம் போச்சு மேடம். வெலை ஏறட்டும்னு நானாச் செத்த நேரம் நிறுத்துனாக்கூட, ஒருத்தரும் ஏத்திக் கேக்க மாட்டேங்கிறாங்க. எல்லாரும் என்னைத் தாங்கிப் பிடிக்க ஓடியாராங்க."