தென்னந்தூரில் வந்த செங்காளான்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் கொல்லையில் வாய்க்கால் ஓரமாக ஒரு வரிசைத் தென்னை நிற்கிறது. போன வருஷம் ஐப்பசி மழையில் முதல் மரத்தின் தூரில் காளான் வந்தது. வைக்கோல் போரில் வருகிற மெத்தென்ற காளான் இல்லை. மரத்தோடு ஒட்டி, தட்டுப்போல நீட்டிக்கொண்டு, மேலே வார்னிஷ் அடித்த மாதிரி சிவந்து, ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. விரலால் தட்டினால் பலகைச் சத்தம். அதற்கு முன்பே அந்த மரத்தில் அடிமட்டைகள் பழுத்துத் தொங்கின, தூரில் செம்பழுப்பாகச் சாறு வடிந்தது. சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. என் குரல் அப்படி.

வேளாண்மை ஆபீசிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, இது வேரையும் மரத்தையும் உள்ளே தின்கிற காளான், மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டுங்கள், இந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகக் கூடாது என்றார். தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர் என் கொழுந்தனார். தலையாட்டினார். பள்ளமும் வெட்டினார்.

இந்த வருஷம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் எங்கள் முறைத் தண்ணீர் வந்தது. ஒரு மடையைத் திறந்து, முதல் பாத்தி நிரம்பியதும் அடுத்ததற்கு, அது நிரம்பியதும் அதற்கடுத்ததற்கு என்று வழியவிடுவதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். நோய் கண்ட மரமோ மடைவாயிலேயே நிற்கிறது. கொழுந்தனார் பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மடையைத் திறந்தார்.

"தம்பி, அந்தப் பக்கமா விடாதீங்க. மடைய வேற எடத்துல வச்சிக்கலாம்" என்றேன். மண்வெட்டியோடு நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணிக்குக் காளான் நெனப்பாவே இருக்கு. கொழம்பு வைக்கணும்னா சொல்லுங்க, நல்லதா வாங்கியாறேன்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். முறை தப்பினால் தண்ணீர் கிடைக்காது, கடைசி மரங்கள் காய்ந்துபோகும் என்று பிறகு சொன்னார். அது பொய்யும் இல்லை. அதனால்தான் இன்னும் எரிச்சலாக வருகிறது.

இப்போது இரண்டாவது மரத்தின் தூரிலும் சாறு வடிகிறது. முதல் மரம் கொண்டை சாய்ந்துவிட்டது. வெட்டிவிடலாம் என்றால், இன்னும் ரெண்டு குரும்பை தொங்குகிறதே, காய்க்கிற மரத்தில் எப்படி அரிவாள் வைப்பது என்கிறார் கொழுந்தனார். நேற்று நானே மண்வெட்டியை எடுத்துப்போய் இரண்டாவது பாத்திக்கும் மூன்றாவதற்கும் நடுவே கரை கட்டினேன். பார்த்துக்கொண்டே நின்றார்.

"தண்ணி வந்தா இந்தக் கரைய வெட்டிவிடத்தானே போறேன், ஏன் அண்ணி கஷ்டப்படுறீங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

நோய் தண்ணீரில்தான் போகிறதா, மண்ணுக்குள் வேர் வழியாக ஏற்கெனவே போய்விட்டதா, எனக்கு நிச்சயமில்லை. ஆபீசர் சொன்னதை நான் தப்பாக வாங்கியிருக்கவும் கூடும். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் கொழுந்தனார் காதில் விழும்படி சொல்லுங்கள்.