அத்திம்பேரின் காய்ந்த வேஷ்டி

என் அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேருக்கு, நீச்சல் தெரியும். அதைவிட நன்றாக அதைப் பற்றிப் பேசத் தெரியும். ஆடியில் காவிரிக்குப் புதுவெள்ளம் வந்தால் ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குக் காது வலிக்கும். அம்மா மண்டபத்துப் படித்துறையில் குதிப்பார். வெள்ளம் இழுத்த வாக்கில் போய், கீழே இன்னொரு படித்துறையில் கரையேறுவார். அக்கா அவருடைய காய்ந்த வேஷ்டியோடு கரையோரமாகவே நடந்து போய் அங்கே நிற்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இது ஓர் உத்தியோகம்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தை அமாவாசைக்குச் சமுத்திர ஸ்நானம் என்று பூம்புகார் போனோம். அத்திம்பேர் அதற்குமுன் கடலைப் பார்த்ததே இல்லை. காவிரி கலக்கிற இடம்தானே, எல்லாம் நம் தண்ணீர்தான் என்றார். மற்றவர்கள் அலை உடைகிற இடத்தில் முழங்கால் நீரில் முழுகிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஏளனமாகப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் அலை அடிக்க, நடுவில் மட்டும் அலையே இல்லாமல் கிடந்த இடத்தில் இறங்கினார். படித்துறை மாதிரி இருக்கிறதாம். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகிற வழி அதுதான் என்பது அந்த மேதாவிக்குத் தெரியவில்லை.

கண்மூடித் திறப்பதற்குள் அவர் தலை தூரத்தில் தெரிந்தது. கரையைப் பார்த்து நேராக நீந்தினார். எவ்வளவு கை போட்டும் உள்ளேதான் போனார். காவிரியில் ஒரு நாளும் வெள்ளத்தை எதிர்த்து நீந்தாதவர், உயிர்ப் பயத்தில் அதை மறந்துவிட்டார். எனக்கு அலறத்தான் தெரிந்தது.

அக்கா அலறவில்லை. வேஷ்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, காவிரிக் கரையில் நடப்பதைப் போலவே கரையோரமாக நடக்கத் தொடங்கினாள். அவரும் பழக்கதோஷத்தில் வேஷ்டி போன திசையில் திரும்பி நீந்தினார். கொஞ்ச தூரத்தில் இழுப்பு விட்டது. அதன்பின் அலைகளே அவரைக் கொண்டுவந்து மணலில் போட்டன. அக்கா வேஷ்டியை உதறி அவர் மேல் போர்த்தினாள்.

ஊர் திரும்பியதும் கதை வேறாகிவிட்டது. சமுத்திரத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தாராம். இவள் பயந்துபோய்க் கரையில் அங்குமிங்கும் ஓடினாளாம். வெட்கம் கெட்ட மனிதர். வந்தவர்களுக்கெல்லாம் அக்கா காபி கொடுத்தாள்.

அடுத்த ஆடிப்பெருக்கன்று அவர் வழக்கம்போலக் குதித்தார். அக்கா எழுந்திருக்கவில்லை. வேஷ்டியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா மண்டபத்துப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் கீழே கரையேறி, ஊர்ப் பெண்களெல்லாம் கூடியிருந்த கரை நெடுக ஈரக் கோவணத்தோடு நடந்து வந்தார். ஏன் வரவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் நடந்தா பயந்து ஓடினேன்னு சொல்றேளே. அதான் உட்கார்ந்துட்டேன்" என்று அக்கா வேஷ்டியை நீட்டினாள்.