தானே ஓடும் கூலர்

பள்ளி ரோபோ வகுப்பில் கற்றதை வைத்து தண்ணீர் ஊற்றி ஓட்டும் எங்கள் ஏர் கூலருக்கு சென்சார் பொருத்தியிருந்தேன். தண்ணீர் தீர்ந்தால் தானே நிற்கும், தண்ணீர் பட்டால் தானே ஓடும்.

இன்று மத்தியானம் அது நின்றிருந்தது. அம்மா ஒரு கையை உள்ளே விட்டபடி வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

ஷாக் அடிக்குமென்று ஸ்விட்சை அணைத்த பிறகே இங்கே வடக்கே எல்லோரும் கூலரில் தண்ணீர் ஊற்றுவார்கள். சத்தமில்லாததால், அணைத்தாயிற்று என்று அம்மா நினைத்துவிட்டாள்.

ஓடிப்போய் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

"அரே, என்னடி? அதுதான் ஓடலையே."

"தண்ணி பட்டதும் ஃபேன் ஓடியிருக்கும்மா. கைய எடு."

அம்மா கையை மெதுவாக வெளியே எடுத்தாள். "உங்க சார் இதப் பாத்தாரா?"

"அச்சா, நல்லா இருக்குன்னு சொன்னார்."

உள்ளே கை இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அதுவரை எங்கள் வீட்டில் கைவிசிறிதான்.