வெற்றுக் குமிழி

இது நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய்க் கதை சொல்கிறவனை அரைவேக்காடு என்று முகத்துக்கு நேரே சொன்னவன்தான் நானும்.

நான் ஆராய்ச்சி மாணவன். ஒரு செடியின் வேரில் எடுத்த சாற்றை, லிப்போசோம் என்கிற மிகச் சின்னக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துப் புற்றுநோய்க் கட்டிக்கு அனுப்பப் பார்க்கிறோம். கொழுப்பையும் சாற்றையும் குளோரோஃபார்மில் கரைத்து, உலர்த்தி, தண்ணீர் விட்டு, இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே ஒரு சல்லடை வழியாக முன்னும் பின்னும் தள்ள வேண்டும். பதினொரு தடவை.

நான் வேலை செய்யும் மேசை முன்பு ஆய்வகத்தில் எனக்கு மூத்த ஓர் அக்காவுடையது. குளோரோஃபார்ம் துளியும் தங்கக் கூடாதென்று ராத்திரி முழுக்க உலர்த்துவாள். ஒவ்வொரு முறையும் சாறே இல்லாத வெற்றுக் குமிழியும் செய்து, அதையும் தட்டில் வளர்க்கும் புற்றுநோய்ச் செல்களில் விட்டுப் பார்ப்பாள். கொல்வது சாறுதானா என்று தெரிய வேண்டுமாம்! பேராசிரியர் அவளுக்கு ஆமை என்று பேர் வைத்தார். நானும் பல்லைக் காட்டினேன். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டாள். லாயக்கில்லாதவள், போய்த் தொலையட்டும் என்றேன்.

நான் உலர்த்துவது அரை மணி நேரம். வெற்றுக் குமிழி செய்ததே இல்லை. ஆனாலும் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. திங்கள் காலை பத்து மணிக்குக் ஆய்வை மதிப்பிடும் குழுவின் முன் அதைச் சொல்லிவிட்டால் பட்டம் என் கையில்.

மூன்று மாதம் முன்பு அக்கா ஃபோன் செய்தாள். நான் செய்யும் சாற்றுக் குமிழியில் பன்னிரண்டு புட்டி வேண்டும் என்றாள். எதற்கென்று சொல்லவில்லை.

"வெற்றுக் குமிழி வச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா. அதுல ஒரு செல்கூடச் சாகல."

இன்னும் மூக்கை நுழைக்கிறாளே என்று எரிச்சலாக வந்தது. அவள் கணவர் வந்து புட்டிகளை வாங்கிப் போனார்.

ஞாயிறு. மதியம் 2:10. ஆய்வகத்தில் நான் மட்டும். குமிழிகளைத் தள்ளும் அறையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சாவி என் சட்டைப் பையில்.

டக்...

பூட்டிய அறைக்குள்ளிருந்து. ஏசியாக இருக்கும் என்று நினைத்தேன்.

டக்... டக்...

சிரிஞ்சு முட்டி நிற்கும் சத்தம். தினமும் கேட்கிற எனக்குத் தெரியாதா? எண்ணினேன். பதினொன்றோடு நின்றது.

2:21. கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. காலையிலேயே சூட்டை அணைத்துவிட்ட கருவியைத் தொட்டேன். சுட்டது.

காலையில் இரண்டு புட்டிதான் செய்து வைத்திருந்தேன். இப்போது மூன்று.

மூன்றாவதில் ஒட்டியிருந்த தாளில், அக்காவுடையதைப் போலவே சாய்ந்த கையெழுத்தில், 'வெற்று'.

எவனோ விளையாடுகிறான். பேய்க்கு லிப்போசோம் செய்யத் தெரியுமா, பார்த்துவிடலாம் என்று மூடியைத் திறந்தேன். இனிப்பான வாசனை. குளோரோஃபார்ம்.

அக்கா செய்த புட்டியில் அந்த வாசனை வந்ததே இல்லை. நான் செய்வதில் வரும். என் முறைப்படியே செய்திருந்தது.

 அதைச் செல்களில் விட்டேன்.

திங்கள். காலை 8:50. நுண்ணோக்கியில் பார்த்தேன்.

ஒன்றுகூட உயிரோடு இல்லை.

சாறு எதையும் கொல்லவில்லை. அத்தனையும் குளோரோஃபார்மின் வேலை.

அந்தத் தட்டைக் குப்பையில் போட்டேன். ஆமாம், போட்டேன். எனக்குப் பட்டம் வேண்டியிருந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன்.

9:40. வாசலில் அக்காவின் கணவர். கையில் ஒரு ஐஸ் பெட்டி.

"வெள்ளிக்கிழமை போயிட்டா தம்பி."

என்ன ஆச்சென்று கேட்டேன்.

"கட்டி இருக்கறதை யார்கிட்டயும் சொல்ல விடல. வேலையை விட்டதும் அதனாலதான். நீங்க சோதிச்சுப் பார்த்துட்டதாச் சொன்னீங்களாம். அதை நம்பி ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திட்டு, இதைத்தான் வாரம் ஒண்ணா ஊசி போட்டுக்கிட்டா."

பெட்டியை என் கையில் வைத்தார்.

"ஒரு புட்டி மிச்சம். பதினோரு ஊசி வரைக்கும்தான் தாங்கினா."