அண்ணை தம்பியைத் தோற்கடிக்கவில்லை

அண்ணையின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து, மண்டப வாசலில் இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இப்படியான மலர்களில் இறந்தவரும் எல்லோருக்கும் நல்லவராக இருப்பார், எழுதுகிறவரும் எல்லோருக்கும் நல்லவராகவே எழுதி முடிப்பார். அண்ணை நல்லவர்தான். நான்தான் இன்று எல்லோருக்கும் நல்லவளாக இருக்கும் மனநிலையில் இல்லை.

அண்ணை மானிப்பாயில் பிறந்தார். எங்கள் வீட்டில் மூத்தவர் அவர், நடுவில் நான், கடைசி தம்பி. அப்பா இளவயதில் காலமானதால் தம்பியைப் படிப்பித்தது அண்ணைதான். அகதியாக மொன்றியல் போய்ச் சேர்ந்தவர் முதலில் கூப்பிட்டு எடுத்ததும் தம்பியைத்தான். உணவகத்தில் கோப்பை கழுவினார், பிறகு சமைத்தார். வேலை செய்தபடியே அந்த ஊர்ப் பிரெஞ்சை அந்த ஊர்க்காரர் போலவே பேசப் பழகினார். பிற்காலத்தில் நான் இருக்கும் பாரிஸுக்கு வந்தபோது என் பிள்ளைகள் அந்த உச்சரிப்பைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

மொன்றியல் இருக்கும் பிரெஞ்சு மாகாணமான கியூபெக் தனிநாடாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே, அதே கனடாவின் பாராளுமன்றத்தில் போய் இருக்கும் கட்சி ஒன்று உண்டு. அண்ணை அதில் சேர்ந்தார். உறவுகளுக்கு அது அடுக்கவில்லை. தஞ்சம் தந்த நாட்டை உடைக்க நிற்கிறார், நன்றி கெட்டவர் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் பலர் எங்கள் தாயகத்தின் வரைபடத்தைத் தனியாக வெட்டிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தவர்கள். தாங்கள் கேட்டால் உரிமை, அடுத்தவன் கேட்டால் துரோகம். அண்ணை யாரோடும் வாதாடவில்லை. தொலைபேசியில் என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

“தங்கடை மொழி அழிஞ்சுபோடும் எண்டு ஒரு சனம் பயப்பிடுது. அந்தப் பயம் எங்களுக்கு விளங்காட்டி வேறை ஆருக்குப் பிள்ளை விளங்கும்?”

தம்பி நின்றது எதிர்ப்பக்கம். கனடா ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற பெரிய கட்சியில், அண்ணை இருந்த அதே தொகுதியில், வேட்பாளராக வர ஆசைப்பட்டான். அதற்கு முதலில் கட்சிக்குள் ஒரு தெரிவு நடக்கும். உறுப்பினர்கள்தான் வாக்குப் போடுவார்கள். ஆகவே சொந்தக்காரர் எல்லோரையும் தம்பி உறுப்பினராக்கினான். அந்த நேரம் பார்த்து அண்ணையின் கட்சித் தலைவர் பதவி விலகினார். அடுத்த தலைவர் யார் என்பதையும் உறுப்பினர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். தான் விரும்பியவருக்காக அண்ணையும் ஆள் சேர்க்கத் தொடங்கினார். ஒருவர் இரண்டு கட்சியில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அண்ணனுக்கும் இல்லை என்று சொல்ல வாய் வராது, தம்பிக்கும் வராது.

அந்த நாட்களில்தான் அண்ணையின் ஒரே மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்து விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர். நான் பேசிக் கொடுத்த சம்பந்தம் என்பதால் பாரிஸில் இருந்து நானும் போயிருந்தேன். அண்ணை ஆதரித்த தலைமை வேட்பாளர் வரவேற்பு மண்டபத்துக்கு வாழ்த்த வருகிறார் என்று தெரிந்ததும் தம்பி சாப்பிடாமலே வெளிக்கிட்டுவிட்டான். மகளின் கலியாணத்தில் கட்சிக்கு ஆள் சேர்த்தது அண்ணையின் பிழை. அதை நான் மறைக்கவில்லை. அதற்கு மேல் அவரில் ஒரு பிழையும் இல்லை. கேக் மேசைக்குப் பக்கத்தில் நின்ற நான், உறுப்பினர் படிவத்தில் கையெழுத்து வைக்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டதை என் காதால் கேட்டேன்.

“தம்பியின்ரை கட்சியிலை சேர்ந்திட்டியளோ? சேர்ந்திருந்தால் இதிலை போடாதேங்கோ. நான் கோவிக்கமாட்டன்.”

“சீச்சீ, இல்லை அண்ணை. நாங்கள் எப்பவும் உங்கடை பக்கம்தானே.”

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் வந்திருக்கும்போது படம் எடுக்காமல் விடுவார்களா? பட்டுச்சேலையும் கோட்டுமாக, கட்சிச் சின்னம் போட்ட உறுப்பினர் அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி அந்த வேட்பாளரைச் சுற்றி நின்றார்கள். அன்றே அந்தப் படம் முகநூலில் ஏறியது.

தம்பியின் தெரிவுக் கூட்டத்தில் போட்டியாளரின் ஆட்கள் அதே படத்தைக் கொண்டுவந்து பொறுப்பானவர்களுக்குக் காட்டினார்கள். படத்தில் நின்றவர்களுக்கு வாக்கு இல்லை என்று முடிவாயிற்று. தம்பி தோற்றான். முன்வரிசையில் நின்றவர்கள் வாக்குப் போட்டிருந்தாலே வென்றிருப்பான். கொஞ்ச நாளில் அண்ணை ஆதரித்தவரும் தோற்றார்.

அண்ணை வேண்டுமென்றே தன்னைக் கவிழ்த்தார் என்று தம்பி நம்பினான். அவன் வீட்டுக்கு வரிசையாகப் போனவர்கள், அண்ணை கேட்டார், மறுக்க முடியவில்லை, இந்த விதியெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும் என்று சொல்லிச் சொல்லியே நம்ப வைத்தார்கள். நான் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்றேன். அண்ணை விடவில்லை.

“நீ பேர் சொன்னால் அவைக்கும் தம்பிக்கும் முறிஞ்சுபோம். அவனுக்கு என்னிலை மட்டும் கோவம் இருக்கட்டும். சொந்தம் முழுக்க இல்லாமல் போகக்கூடாது.”

ஒருவர் பெயரையும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அண்ணையின் மனைவி, என் மச்சாள், காலமானபின் அண்ணை மகளோடு இருக்க கூசேன்வில் வந்தார். காலையில் ரயிலேறி, பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் உள்ள எங்கள் கடைக்கு வருவார். மரக்கறிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து கனடாச் செய்தி பார்ப்பார். ஒட்டாவாவில் ஒரு தலைவர் விலகி இன்னொருவர் வரும்போதெல்லாம், தம்பி இப்போது யாரோடு நிற்கிறானோ தெரியாது என்பார். தம்பியின் பிறந்தநாளுக்கு ஒவ்வொரு வருடமும் தொலைபேசி எடுப்பார். மணி அடித்து ஓயும். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், தம்பிக்குச் சொல்லியாயிற்றா என்றுதான் கேட்டார். சொல்லியிருந்தோம். அண்ணை கண்ணை மூடியபின் அவனிடமிருந்து மலர்வளையம் மட்டும் வந்தது. இறுதிக் கடமைகளை மகளே செய்தாள்.

மொன்றியல் உறவுகள் இந்த மலருக்கு ஒரு முழுப்பக்க அஞ்சலி அனுப்பியிருக்கிறார்கள். அண்ணை தங்கள் குலவிளக்காம். அடுத்த பக்கத்தில் ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறோம்.

அண்ணையைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதி ஊர்தி போனபோது கடைக் கதவுகளை இழுத்து மூடி நின்ற லாச்சப்பல் வியாபாரிகளுக்கும், துக்க நாட்களில் வில்லியே லே பெல்லில் இருந்து சமைத்துக் கொண்டுவந்த குடும்பங்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும் எங்கள் நன்றி. அண்ணைக்குக் கையெழுத்து வைத்த உறவுகளுக்கும் நன்றி. உங்கள் தயவில் அண்ணை தன் கடைசிக் காலத்தை எங்களோடு கழித்தார்.

அண்ணைக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் ஒருவர் பெயரும் இல்லை. முதல் பிரதியைத் தம்பிக்கு அனுப்பிவிட்டோம். கலியாணத்தன்று கையெழுத்து வாங்கமுன் அண்ணை உங்களிடம் என்ன கேட்டார் என்று அவன் விசாரிப்பான். பின்னட்டையில் அண்ணையின் மகள் விரும்பிப் போட்ட அதே கலியாணப் படம் இருக்கிறது. ஓரத்தில் நின்று சிரிப்பவர் அண்ணை. மற்றவர்கள் யார் என்று நாங்கள் எழுதவில்லை. தம்பிக்கு எல்லோரையும் தெரியும்.

அண்ணையின் தங்கை,
பாரிஸ்.