கழுவி வைத்த பாட்டில்

பிறந்த குழந்தையின் வெள்ளணுக்களில் ஒரு நொதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. பெரியவர்களின் அணுக்களில் சாயம் ஏற்றினால் அது சிவப்புப் புள்ளியாகத் தெரியும். பச்சைக் குழந்தையைக் குத்த யார் விடுவார்கள்? வெட்டிய தொப்புள்கொடியில் வடியும் ரத்தம்தான் வழி. செங்கல்பட்டில் பிரசவ வார்டு ஆயாம்மா அதைப் பிடித்து வைப்பார்; நான் ஓடிப்போய் வாங்கி வருவேன்.

நான்கு பாட்டில் வந்தது. நான்கும் ஈரல் துண்டு மாதிரி உறைந்து. உறையாமலிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் சில சொட்டு மருந்து நானே விட்டிருந்தேன். மருந்து கெட்டுவிட்டதோ என்று என் ரத்தத்தையே எடுத்துச் சோதித்தேன். உறையவில்லை. பேராசிரியரோ, "வெள்ளிக்கிழமை ஒரு ஸ்லைடாவது காட்டு, இல்லையென்றால் வேறு தலைப்புக்குப் போ" என்று சொல்லிவிட்டார்.

வியாழன் மதியம், சதுரங்கப்பட்டினத்து மீனவப் பெண் ஒருத்திக்குப் பிரசவம் ஆகிவிட்டதென்று தகவல் வந்தது. டப்பாவில் மிச்சமிருந்த சாயப்பொடி முழுவதையும் அவசரமாகக் கலக்கினேன். கலக்கினால் ஒரு மணி நேரம்தான் தாங்கும். ஓடினேன். பாட்டிலைச் சாய்த்தேன். ரத்தம் அசையவில்லை.

"இன்னா தம்பி, மூஞ்சி செத்துப்போச்சு?"

"திரும்பவும் உறைஞ்சு போச்சு ஆயாம்மா. உள்ள மருந்து விட்டிருந்தேனே..."

"மருந்தா? ஏதோ தண்ணி அடியில நின்னுகினு இருந்துச்சு. நீதான சுத்தம் சுத்தம்னு உசுர எடுத்தே? பச்சப்புள்ள ரத்தத்த அதுலயா புடிப்பாங்க? வெந்நீர் ஊத்தி கழுவி, வெயில்ல கவுத்து வெச்சிதான் புடிச்சேன். ஒவ்வொரு வாட்டியும்."

"கழுவக்கூடாதுன்னு லேபிள்ல எழுதி ஒட்டியிருக்கேனே!"

"நான் இன்னா உன்ன மாதிரி காலேஜா படிச்சேன்? வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா பூடுவ?"

லேபிளைப் பார்த்தேன். அது நனையாமல் பார்த்துப் பார்த்துக் கழுவியிருந்தார்.

செய்யூரில் எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான். பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று அம்மா இன்றைக்கும் யாரையாவது கேட்டுத்தான் ஏறுகிறாள். அந்த வீட்டிலிருந்து வந்தவன், எழுதி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்திருக்கிறேன். யார் மேல் எரிந்து விழுவது?

சாயத்தைத் தொட்டியில் கொட்டினேன். விரலெல்லாம் சிவப்பு. சோப்புப் போட்டும் போகவில்லை.

மாலையில் ஆயாம்மா லேப் வாசலுக்கே வந்துவிட்டார். "மாமல்லபுரத்துப் பொண்ணு ஒண்ணு வலியோட வந்துகீது. பாட்டில குடு. கழுவாம அப்டியே புடிச்சி தரேன்."

கொடுத்தேன். சொன்னபடியே கொண்டுவந்தார். சாய்த்தால் தண்ணீராய் ஓடியது ரத்தம். டப்பாவில் சாயம்தான் இல்லை.