சுக்கு அரிப்பு என்று நினைத்தது

மட்டாஞ்சேரி குடோனில் சுக்கு தரம் பிரிக்கிற வேலை எனக்கு. தரையில் உட்கார்ந்து பொறுக்கணும். சுக்கின் மேல் சுண்ணாம்புத் தூள் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குக் கை அரிக்கும். பிறகு பழகிவிடும்.

ஆறு வருசம் பழகின கை, வயிற்றில் பிள்ளையோடு எட்டாம் மாதத்தில் மறுபடி அரித்தது. உள்ளங்கை, உள்ளங்கால். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. சொறிந்த கோடுதான்.

இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை ஒன்பதாம் மாதம் வயிற்றிலேயே அசைவு நின்று போயிற்று. காரணம் தெரியவில்லை என்றார்கள். அதனால் இந்த முறை கவனமெல்லாம் வயிற்றில்தான். கையைப் பற்றி யோசிக்கவில்லை.

பக்கத்தில் உட்காருகிற சேச்சி சிரித்தாள். "கை அரிச்சா காசு வரும் மோளே. உனக்குக் காலும் அரிக்குது. லாட்டரி எடு."

நாத்தனார் தேங்காயெண்ணெயில் மஞ்சள் போட்டுக் காய்ச்சித் தந்தாள். மருந்துக்கடையில் ரோஸ் கலர் லோஷன் தந்தார்கள். பூசினால் கொஞ்ச நேரம் குளிரும். அவ்வளவுதான். தூக்கம் போயிற்று.

அப்புறம் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் வேலைநிறுத்தம். குடோன் நாலு நாள் பூட்டு. நாலு நாளும் சுக்கைத் தொடவில்லை. அரிப்பு கூடிற்று. அப்போதுதான் பயம் வந்தது.

"அடுத்த வாரம் செக்கப்தானே?" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னிக்கே போகணும்."

சுள்ளிக்கல்லில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா கையைத் திருப்பிப் பார்த்தார். "மூத்திரம் மஞ்சளா போகுதா?"

"கடும் மஞ்சள்."

"முதல் பிள்ளைக்கும் இப்படி அரிச்சதா?"

"அரிச்சது. சுக்குனு நினைச்சேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்ல."

இரத்தம் எடுக்கச் சொன்னார்.

ஈரலில் சுரக்கிற பித்தம் இரத்தத்தில் கலந்திருக்கிறதாம். கர்ப்பத்தில் சிலருக்கு வருமாம். தாய்க்கு அரிப்பு. அளவு ரொம்ப ஏறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. மேலே பூசி இது போகாது. மாத்திரை எழுதினார், அரிப்பு கொஞ்சம் அடங்கும் என்றார். வாராவாரம் இரத்தம் பார்க்கணும். அசைவு குறைந்தால் அந்த நிமிசமே வரணும். அளவு ஏறினால் குறித்த பிரசவ நாள் வரைக்கும் காத்திருக்க மாட்டோம் என்றார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கேட்டார், "அப்போ அதுவும் இதனாலதானா?"

"தெரியாது. நடங்க."

மூன்றாவது தடவை பார்த்தபோது அளவு ஏறியிருந்தது. முப்பத்தேழாவது வாரத்தில் வலி வரவழைத்தார்கள். ஒரு பகல் முழுக்க வலி.

"பொண்ணு. பாரு மோளே," என்றாள் நர்ஸ்.

என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. "மூச்சு விடுதா?"

"இந்தக் கத்து கத்துதே, கேக்கலையா?"

"கேக்குது. இன்னும் கொஞ்சம் கத்தட்டும்."